சிவப்புப் பார்லி, பச்சை மக்ரோனி

ஸ்டர்லிங் துறை
21 ஜனவரி 1962

அன்புள்ள அப்பாவுக்கு,

இப்படி அகாலத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னியுங்கள். எழுத்து கோணலாக இருந்தால் அதற்கும் சேர்த்து. இடது தோளில் பையன் கிடக்கிறான். ஏப்பம் வரும்வரை இறக்கக் கூடாது. வந்துவிட்டதா இல்லையா என்று நிச்சயமாகத் தெரியாததால் இறக்காமலே வைத்திருக்கிறேன். வீட்டில் மற்ற இருவரும், அதாவது என் வீட்டுக்காரர் ஹார்வியும் நாயும், ஒரே சுருதியில் குறட்டை விடுகிறார்கள்.

தொலைபேசியில் சொல்லக் கூடாதா என்பீர்கள். எங்கள் இணைப்பை ஆறு வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. நான் "ஹலோ" சொல்வதற்கு முன்பே யாரோ மூச்சு விடுவது கேட்கும். போன தடவை பையனுக்கு வயிறு சரியில்லை என்று உங்களிடம் சொன்னேன் அல்லவா, மறுநாள் ரொட்டிக் கடைக்காரர் என்னைப் பார்த்து, "இப்போ கெட்டியாப் போறானா?" என்று கேட்டார். இந்த விஷயம் அவர் காதுக்குப் போக வேண்டாம்.

சனிக்கிழமை உறைந்த ஏரியின் மேல் நடந்ததைத்தான் சொல்கிறேன். ஹார்வி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். தப்பிருந்தால் திருத்துங்கள். இந்த வருஷத்தின் முதல் வெள்ளைமீனை எடுத்துக்கொண்டு, பனிக்கட்டி மேல் நிற்கிற உங்கள் மீன்பிடிக் குடிலுக்கு வந்திருக்கிறார்.

"மாமா, மொத மீனு. உங்களுக்குத்தான்னு கொண்டாந்தேன்."

"வயித்தைக் கிழி."

"எதுக்கு மாமா?"

"கிழின்னா கிழி."

கிழித்தாராம். உள்ளே பார்லி, நீங்கள் மீனுக்குத் தீனியாகக் கொட்டுகிற அதே தானியம்.

"இது யாரு வீட்டுப் பார்லி?"

"மீனு வீட்டுப் பார்லி மாமா. தின்னது அது, அதுக்குத்தான் சொந்தம்."

அவர் வேடிக்கையாகச் சொன்னது, அப்பா. வேடிக்கை அவருக்கு எப்போதும் தப்பான நேரத்தில்தான் வரும். கல்யாணத்தன்று மோதிரம் தொலைந்துவிட்டது என்று அவர் விளையாடியது உங்களுக்கு நினைவிருக்கும். அதற்காக அவரைத் திருடன் என்று ஏரி முழுக்கக் கேட்கும்படி கத்த வேண்டுமா? இரண்டு குடில்களுக்கும் நடுவில் போதகர் பெட்டிக்ரூவின் மஞ்சள் குடில் வேறு இருக்கிறது. அவர் உள்ளே உட்கார்ந்து பிரசங்கத்துக்குக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தாராம். நீங்கள் இருவரும் அவர் தலைக்கு மேலாகத்தான் ஒருவரையொருவர் வைதிருக்கிறீர்கள்.

மீன் வந்து கூடட்டும் என்று ஒருவன் தீனி கொட்டி வைத்த இடத்தில் இன்னொருவன் தூண்டில் இறக்குவது அடுத்தவன் பெண்டாட்டியைக் கையைப் பிடித்து இழுப்பதற்குச் சமம் என்று எனக்கும் தெரியும். உங்கள் பெண்தானே நான். ஆனால் ஹார்வி தேவாலயக் கோபுரத்தையும் பால் தொழிற்சாலைப் புகைபோக்கியையும் ஒரே கோட்டில் பார்த்து, தான் தீனியாகக் கொட்டிய மக்ரோனிக் குவியல் மேல்தான் குடிலை நிறுத்தியிருக்கிறார். உங்கள் குவியல் எந்தக் கோட்டில் இருக்கிறது என்றே அவருக்குத் தெரியாது. நீங்கள் எனக்கே சொன்னதில்லை.

இப்போது என் கவலை. மார்ச் 18 ஞானஸ்நானம். நம் குடும்பத்தில் யார் பெயரை வைக்கிறோமோ அவர் கையில் பிள்ளை இருக்கும்போதுதான் தண்ணீர் தெளிப்பது. நீங்கள் அப்படித்தான் உங்கள் பெரியப்பா கையில் கிடந்தீர்கள். இவனுக்கு ஓர்வில் என்ற உங்கள் பெயரைத்தான் வைப்பது என்று அவன் பிறப்பதற்கு முன்பே முடிவு செய்தாயிற்று. "அந்தத் திருடன் இருக்குற வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று நீங்கள் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அந்த வாசற்படி என்னுடையதும்தான். நீங்கள் வரவில்லையென்றால் என் பிள்ளைக்குப் பெயரில்லை.

ஏப்பம் வந்துவிட்டது. ஏப்பம் மட்டும் வரவில்லை. சட்டை மாற்ற வேண்டும்.

உங்கள் லோர்னா


பார்க்கர் முனை
26 ஜனவரி

லோர்னா,

கடிதம் கிடைத்தது. படித்தேன். உன் வீட்டுக்காரன் பாதியை முழுங்கிவிட்டான்.

அது வெறும் பார்லி அல்ல. நான் பார்லியை வெல்லப்பாகு விட்டு, தோல் வெடிக்கும்வரை வேக வைக்கிறவன். இந்த ஏரியில் வேறு எவனும் அப்படிச் செய்வதில்லை. அவனவன் சோம்பேறி. அந்த மீன் வயிற்றிலிருந்து ஒரு பருக்கையை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். என் பாகு. பைபிளைத் தொட்டுச் சொல்வேன்.

நான் நாக்கில் வைத்ததும் அவன் என்ன சொன்னான் என்று உன்னிடம் சொல்லியிருக்க மாட்டான். "உப்பு போதுமா மாமா?" என்றான்.

உன் அம்மா போனதிலிருந்து எனக்கு இந்த ஏரியில் இருப்பது ஒரே ஒரு குவியல். உடைந்தால் வெளியே குதிக்க வசதியாகக் காரின் கதவைக் கழற்றி வைத்துவிட்டு, பனிக்கட்டி மேல் மூட்டை மூட்டையாகக் கொண்டுபோய் நானே கொட்டியது. அதில் வாய் வைத்தவன் மீனாக இருந்தாலும் மருமகனாக இருந்தாலும் எனக்கு ஒன்றுதான்.

இனிமேல் இரண்டு மடங்கு கொட்டப் போகிறேன். என் மீன் என் இடத்தை விட்டு அசையாது. அவன் மக்ரோனியை அவனே தின்னட்டும்.

ஞானஸ்நானத்தைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.

அப்பா

பையனுக்கு இருமல் நின்றதா? சும்மாதான் கேட்டேன்.


ஸ்டர்லிங் துறை
4 பிப்ரவரி

அன்புள்ள அப்பாவுக்கு,

இருமல் நின்றுவிட்டது. இப்போது பால் குடிக்க மாட்டேன் என்கிறான். அழுகிறான், கொடுக்கிறேன், தலையைத் திருப்பிக்கொள்கிறான். மறுபடி அழுகிறான், மறுபடி கொடுக்கிறேன். புத்தகத்தில் இதற்கு ஒரு அத்தியாயம் இருக்கிறது. படித்த பிறகு பயம் அதிகமாகிவிட்டது.

நீங்கள் இரண்டு மடங்கு கொட்டுவதை ஹார்வி தன் குடில் ஜன்னலிலிருந்தே பார்த்துவிட்டார். வீட்டுக்கு வந்து தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"உங்கப்பா மூட்டையோட எறக்குறாரு, லோர்னா. பாக்கெட் பாக்கெட்டா இல்ல. மூட்டை!"

"எறக்கட்டும். உங்களுக்கென்ன?"

"எனக்கென்னவா? என் மீனெல்லாம் அங்க கல்யாணச் சாப்பாட்டுக்குப் போயிடும். நாமளும் ரெண்டு பங்கு போடணும். பெரிய சட்டி எங்க?"

பெரிய சட்டியில் நான் பால்புட்டிகளைக் கொதிக்க வைப்பேன். ஞாயிற்றுக்கிழமை மாலையில் நான் ஒரு பக்கம் புட்டி, அவர் ஒரு பக்கம் மக்ரோனி. புட்டி ஒன்றின் ரப்பர் காம்பில் ஒரு மக்ரோனித் துண்டு சிக்கிக்கொண்டது. அதை நான் பார்த்தது தற்செயல். பார்க்காமல் இருந்திருந்தால்! அன்றிரவு தூங்கவில்லை.

கல்லூரியில் மனையியல் படித்து என்ன பிரயோஜனம் என்று நீங்கள் கேட்டதுண்டு. இதோ பிரயோஜனம். இந்தப் பொட்டலத்தில் கேக்குக்குப் போடும் சிவப்புச் சாயம் ஒரு புட்டி வைத்திருக்கிறேன். பார்லி வேகும்போது ஊற்றுங்கள். ஹார்வியின் மக்ரோனிக்குப் பச்சை. இரண்டும் மீனை ஒன்றும் செய்யாது, நம்மையும் ஒன்றும் செய்யாது. ஒரு வாரம் கழித்து அவரவர் பிடித்த மீனை அவரவர் கிழித்துப் பாருங்கள். யார் யாருடைய குவியலில் கை வைக்கிறார் என்று மீனே சாட்சி சொல்லும். ஹார்வி ஒப்புக்கொண்டுவிட்டார். "உங்கப்பா ஒத்துக்க மாட்டாரு, பாரு" என்றும் சொன்னார்.

அவர் சொன்னது முக்கியமில்லை. நீங்கள் ஒப்புக்கொள்ளுங்கள்.

லோர்னா


பார்க்கர் முனை
11 பிப்ரவரி

லோர்னா,

ஒப்புக்கொண்டேன். அவன் சொன்னதற்காக அல்ல.

உன் சாயத்தால் வந்த வினையைக் கேள். ஒரு சொட்டு போதுமா, ஒரு புட்டி வேண்டுமா என்று நீ எழுதவில்லை. நான் புட்டி முழுவதையும் ஊற்றினேன். அடுப்பு சிவப்பு. என் கை முழங்கை வரை சிவப்பு. குடிலுக்கு இழுத்துக்கொண்டு போகும்போது வாளி தளும்பி, கரையிலிருந்து குடில் வாசல் வரை பனியில் ஒரே கோடு. தூண்டில் இறக்கப் பனிக்கட்டியில் வெட்டிய துளையைச் சுற்றி ஒரு குளம்.

மத்தியானம் கான்ஸ்டபிள் வந்து கதவைத் தட்டினார். யாரோ தகவல் கொடுத்திருக்கிறார்கள். என் கையைப் பார்த்தார். துளையைப் பார்த்தார்.

"ஓர்வில், அமைதியா உக்காருங்க. யாரு உள்ள இருக்கறது?"

"எங்க?"

"தண்ணிக்குள்ள."

"பார்லி."

"பார்லிங்கறது யாரு? ஆம்பளையா பொம்பளையா?"

வாளியில் மிச்சம் இருந்ததைக் காட்டினேன். ரொம்ப நேரம் அதையே பார்த்தார். பிறகு, "எதுக்கும் மருமகன் உயிரோட இருக்காரான்னு ஒரு எட்டு பாத்துட்டுப் போறேன்" என்று சொல்லி உன் வீட்டுக்காரன் குடிலுக்குப் போனார். இருந்தானாம். பச்சைக் கையோடு.

ஆனால் சாட்சி சொல்ல மீன் வேண்டுமே. இந்த வாரம் முழுவதும் ஒரு மீன்கூட இல்லை. ஒன்றே ஒன்றுகூட. தூண்டில் ஆடவே இல்லை. எனக்கு ஐம்பது குளிர்காலம் இதில் பழக்கம். இப்படி ஒரு வாரம் நான் பார்த்ததில்லை. எல்லாவற்றையும் அவன் அந்தப் பக்கம் இழுத்துவிட்டான் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

இன்னும் ஒரு மூட்டை வாங்கியிருக்கிறேன்.

அப்பா

பால் குடிக்கிறானா?


ஸ்டர்லிங் துறை
19 பிப்ரவரி

அன்புள்ள அப்பாவுக்கு,

உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

ஹார்விக்கும் ஒரு மீன் இல்லை. மூன்று வாரமாக வெறும் கை. நீங்கள்தான் எல்லாவற்றையும் இழுத்துவிட்டீர்கள் என்று அவர் இங்கே உட்கார்ந்து நீங்கள் எழுதிய அதே வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது போதகர் பெட்டிக்ரூ வந்தார். பிள்ளை பெற்ற தாய்க்கு நல்லது என்று செய்தித்தாளில் சுற்றி இரண்டு வெள்ளைமீன் கொண்டுவந்தார். கொழுத்த மீன்கள். ஹார்வி அவற்றைப் பார்த்த பார்வையில் ஜெபத்தின் சாயலே இல்லை.

அவர் போன பிறகு நான் சமையலறைத் தொட்டியில் வைத்துக் கிழித்தேன்.

அப்பா, இரண்டு மீன் வயிறும் தலையணை மாதிரி. கத்தி பட்டதும் தானாகவே வெடித்தது. ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் பச்சை. கிறிஸ்துமஸ் அலங்காரம்போல இருந்தது. ஹார்வியைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தார். நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"போதகரா?"

"போதகர்தான்."

"அவரு ஒரு பருக்கை கூடத் தண்ணியில போட்டதில்லையே, லோர்னா."

பையனைப் போர்வையில் சுற்றிக்கொண்டு நேரே போதகர் வீட்டுக்குப் போனேன். அவர் பதறவே இல்லை. "என் குடில் புது வருஷத்துலேருந்து அதே எடத்துலதாம்மா நிக்குது. உங்கப்பாவும் உன் வீட்டுக்காரரும் அப்புறமாத்தான் ரெண்டு பக்கமும் வந்து எறங்கினாங்க. அந்தப் பக்கம் சாப்பிட்டுட்டு இந்தப் பக்கம் சாப்பிடப் போற மீனு நடுவுல கொஞ்சம் மூச்சு வாங்குது. நான் ஒரே ஒரு பொடிமீனைத் தூண்டில்ல கோத்து எறக்குறேன்" என்றார்.

"வயித்துல எடமே இல்லையே, அது எப்படிக் கடிக்குது?"

"என் பிரசங்கத்துக்கு நடுவுல எல்லாரும் பெப்பர்மிண்ட் போட்டுக்கறீங்களே, பசிச்சா?"

இரண்டு பேரும் இப்படிச் சண்டை போடுகிறார்களே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்றேன். அதற்கு மட்டும் கொஞ்சம் காது சிவந்தது. சமாதானத்துக்காகத் தினமும் ஜெபித்ததாகச் சொன்னார். "ஆனா ரொம்ப அழுத்தி ஜெபிக்கல, அதை ஒத்துக்கறேன்."

வீட்டுக்கு வந்தபோது தாதி மிஸ் கில்கிரிஸ்ட் எடை பார்க்கக் காத்திருந்தார். நான் அழுதுகொண்டே பையன் பால் குடிக்காததைச் சொன்னேன். அவர் அவனைத் தராசில் வைத்தார். முள்ளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இந்தப் பையனுக்குப் பசின்னா என்னன்னே தெரியாதும்மா. நீ விட்டாத்தானே தெரியும்? அவன் அழறது பாலுக்கில்ல. கொஞ்சம் நிறுத்தச் சொல்லித்தான் அழறான்."

தொட்டியில் மீன் வயிறு இன்னும் திறந்தே கிடந்தது. நான் அதையும் பார்த்தேன், அவனையும் பார்த்தேன்.

உங்கள் இருவர் தூண்டிலிலும் மீன் விழாததற்குத் திருட்டு காரணமில்லை, அப்பா. மூட்டை மூட்டையாகக் கொட்டிவிட்டு, அதன் நடுவே ஒரு சின்னத் தூண்டிலைத் தொங்கவிட்டால் எந்த மீன் சீந்தும்? அவற்றுக்கு அஜீரணம். நிறுத்துங்கள். பத்து நாள் ஒன்றும் போடாதீர்கள். நான் பையனுக்கு இடைவெளி விட்டுக் கொடுக்கத் தொடங்கிவிட்டேன். முதல் நாள் அழுதான், நானும் அழுதேன். இன்று புட்டியைப் பார்த்ததும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

லோர்னா


பார்க்கர் முனை
24 பிப்ரவரி

லோர்னா,

பெட்டிக்ரூ!

ஒரு மாதமாக என் குடிலுக்கு வந்து, என் ஸ்டவ்வில் குளிர் காய்ந்து, என் டீயைக் குடித்து, "பொறுமையா இருங்க ஓர்வில், மீன் வரும்" என்று சொல்லிவிட்டுப் போன ஆள். வந்தது எங்கே என்று இப்போது தெரிகிறது. என் வெல்லப்பாகைத் தின்ற மீனை அவர் வெண்ணெயில் வறுத்திருக்கிறார்.

அந்த ஆளின் கை என் பேரன் தலையில் படக் கூடாது. வேறு போதகரைப் பார்.

உன் வீட்டுக்காரன் என் குவியலில் கை வைக்கவில்லை என்பதை நம்புகிறேன். அதற்காக அவன் யோக்கியன் ஆகிவிட மாட்டான். என்னைப் பார்த்து உப்பு போதுமா என்று கேட்டவன்.

நிறுத்துவதைப் பற்றி: முதலில் அவன் நிறுத்தட்டும். நான் நிறுத்திய பிறகு அவன் நிறுத்தாமல் இருந்தால் எல்லா மீனும் அங்கே போய்விடும். அவன் நிறுத்தியதை என் கண்ணால் பார்த்த பிறகு யோசிக்கிறேன்.

அப்பா

இரண்டு கையாலுமா பிடித்தான்?


ஸ்டர்லிங் துறை
2 மார்ச்

அப்பா,

இந்தக் கடிதத்தில் அன்புள்ள என்று எழுதப் போவதில்லை.

உங்கள் கடிதத்தை ஹார்விக்குப் படித்துக் காட்டினேன். "நியாயந்தானே. மொதல்ல அவரு நிறுத்தட்டும். என் கண்ணால பாக்கறேன்" என்றார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பைக் கேட்டு நாய் வெளியே போய்விட்டது.

"ஹார்வி, நீங்க யாரைக் கல்யாணம் பண்ணிக்கிட்டீங்க?"

"உன்னைத்தான்."

"அப்போ ஏன் எங்கப்பா மாதிரியே பேசறீங்க? ஒரு வீட்டுக்கு ஒருத்தர் போதாதா?"

இனி இந்த வீட்டில் மக்ரோனி வேகாது. சட்டியைப் பையன் தொட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டேன். தூங்குகிறவனை எழுப்பாமல் அதை எடுக்க ஹார்விக்குத் தைரியம் கிடையாது. மூட்டையில் மிச்சம் இருந்த மக்ரோனியைப் பாலாடைக் கட்டி போட்டு தேவாலய விருந்துக்குக் கொடுத்துவிட்டேன். போதகர் இரண்டு தட்டு சாப்பிட்டார். ஆக ஹார்வி நிறுத்தியாயிற்று. அவர் வேலை பார்க்கிற பால் தொழிற்சாலையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அவர் எல்லோரிடமும் சொல்லிப் புலம்பியிருக்கிறார்.

உங்கள் சட்டி ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அதை என்னால் ஒளிக்க முடியாது.

வேறு போதகர் கிடையாது. இங்கே இருப்பது இவர் ஒருவர்தான். மீனைத் தொட்ட கையால் தொடக் கூடாது என்றால் இந்த ஊரில் ஒரு பிள்ளைக்கும் பெயர் இருக்காது.

கடைசியாக ஒன்று. மார்ச் 18 அன்று நீங்கள் வந்து கையில் வாங்கவில்லையென்றால், பக்கத்து வீட்டில் ஹார்வியின் அப்பா தயாராக இருக்கிறார். நல்ல மனிதர். மீன் பிடிப்பதில்லை. அவர் பெயர் எல்மர். என் பிள்ளை ஆயுசு முழுவதும் எல்மர் என்ற பெயரோடு இருப்பதைப் பார்த்துக்கொண்டு நீங்கள் பார்லி வேக வையுங்கள்.

பனிக்கட்டி கரையோரம் கறுக்கத் தொடங்கிவிட்டது. எந்தக் காரணத்துக்காகவும் காரை அதன் மேல் ஓட்டிக்கொண்டு வராதீர்கள். வருவதானால் சாலை வழியாக வாருங்கள். அதை நினைத்துத்தான் இப்போதெல்லாம் விழித்துக்கொள்கிறேன். பையன் தூங்குகிறான், நான்தான் எழுந்துவிடுகிறேன்.

லோர்னா


பார்க்கர் முனை
12 மார்ச்

அம்மா லோர்னா,

கடையில் பார்லி தீர்ந்துவிட்டது. அதனால் நிறுத்தினேன். வேறு காரணம் எதுவும் இல்லை. மறுபடி வந்துவிட்டதா என்று நான் கேட்கவில்லை.

நேற்று குடிலைக் கரைக்கு இழுக்கப் போனேன். இந்த வாரத்துக்குள் எடுக்காவிட்டால் அபராதம். அடிச்சட்டம் இரண்டும் பனிக்கட்டியில் ஒரு முழம் புதைந்திருந்தது. வெயிலில் உருகி, இரவில் இறுகி. கோடரியால் கொத்திக்கொண்டிருந்தேன். இந்த வயதில் சுலபமில்லை. பின்னாலிருந்து இன்னொரு கோடரிச் சத்தம் கேட்டது. திரும்பினால் உன் வீட்டுக்காரன். கூப்பிடவில்லை. தானாக வந்தான். தன் குடிலை இன்னும் எடுக்கவில்லை.

"என்ன?" என்றேன்.

"அந்தப் பக்கம் நீங்க கொத்துங்க. இந்தப் பக்கம் நான்."

ஒரு மணி நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை. நிம்மதியாக இருந்தது. அவன் பேசாமல் இருந்தால் நல்ல பிள்ளைதான் என்று அப்போதுதான் தெரிந்தது.

உள்ளே தூண்டிலை எடுக்காமல் விட்டிருந்தேன். திடீரென்று உள்ளே ஏதோ கவிழ்கிற சத்தம். அவன் கதவுப் பக்கம் இருந்தான். உள்ளே பாய்ந்தான். "மாமா! மாமா!" என்று ஒரே கத்தல். நான் போவதற்குள் தூண்டில் நரம்பு அவன் கையைச் சுற்றி அறுக்கிறது, விடவில்லை. கொஞ்சம் விட்டு, கொஞ்சம் இழுத்து, பதமாக ஏற்றினான். யார் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தார்களோ. துளை வாயில் தலை தெரிந்தது. இப்படி ஒரு வெள்ளைமீனை நான் பார்த்து வெகுகாலம் ஆயிற்று. துளைக்குள் அடங்காமல் குறுக்கே நின்றது. நான் மண்டி போட்டு, தோள் வரை கையைத் தண்ணீரில் விட்டு, செவுளில் விரலைக் கொடுத்து வெளியே எறிந்தேன். எறிந்த வேகத்தில் ஸ்டவ் குழாய் சரிந்து இரண்டு பேர் மூஞ்சியும் கரி.

வயிற்றைக் கிழித்தோம். காலி. ஒரு பருக்கை இல்லை. பசித்த மீன்.

அதை அவனிடமே கொடுத்தனுப்பியிருக்கிறேன். அவன் பிடித்தது. ஞானஸ்நானத்தன்று சமைத்துக்கொள்.

சாலை வழியாகத்தான் வருகிறேன். கழுத்துப்பட்டை ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன். உன் அம்மா எங்கே வைத்தாள் என்று தெரியவில்லை. பெட்டிக்ரூ தண்ணீர் தெளிக்கட்டும். தெளிக்கும்போது நான் அவரைப் பார்க்க மாட்டேன்.

எல்மர் என்பது ஒரு பெயரா?

அப்பா


ஸ்டர்லிங் துறை
20 மார்ச்

அன்புள்ள அப்பாவுக்கு,

இன்றும் நேரமாகிவிட்டது. ஆனால் இன்று பையன் காரணமில்லை. அவன் நன்றாகக் குடித்துவிட்டு மாலையிலேயே தூங்கிவிட்டான். ஹார்வி தூங்கவில்லை. கீழே சமையலறையில் ஐஸ் பெட்டியைத் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாக இருக்கிறார். காரணம் நீங்கள்.

விருந்தில் நடந்தது உங்களுக்குத் தெரியும், நீங்களும்தான் இருந்தீர்கள். ஆனால் நீங்கள் கோபித்துக்கொண்டு தொப்பியை எடுத்த பிறகு நடந்தது தெரியாது. நான் அந்த மீனுக்குள் ரொட்டித்தூளும் வெங்காயமும் திணித்து, பொன்னிறமாகச் சுட்டு, என் கல்யாணத் தட்டில் வைத்தேன். பிடித்தவருக்குத்தான் தோள்பட்டைப் பக்கத்து முதல் துண்டு. அதற்கு நீங்கள் இரண்டு பேரும் செய்த கூத்தை எந்த ஊரிலும் யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

"மாமா, உங்க துளை, உங்க தூண்டிலு, உங்க மீனு. எடுங்க."

"இழுத்தவன் நீ. நீ எடு."

"நான் கயித்தைத்தான் புடிச்சேன். மீனைப் புடிச்சது நீங்க."

"செவுள்ல வெரலு விடுறது மீன் புடிக்கறதாடா? மீன்கடைக்காரன் கூடத்தான் விடுறான்!"

ஆறு வாரம் அடுத்தவன் மீனைத் திருடினாய் என்று சண்டை. இப்போது மீன் உன்னுடையது என்று சண்டை. நடுவில் போதகர், "யாருக்கும் வேணாம்னா..." என்று முள்கரண்டியை நீட்டியபோது இரண்டு பேரும் ஒரே குரலில் "வேணாம்!" என்றீர்கள். இந்தக் குளிர்காலம் முழுவதிலும் நீங்கள் இருவரும் ஒத்துப்போனது அந்த ஒரு சொல்லில்தான்.

நீங்கள் போன பிறகு ஹார்வி அந்த முதல் துண்டை வெட்டி, தனித் தட்டில் வைத்து, மூடி போட்டு ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டார். "மாமாவோடது. அவரு வந்து சாப்பிடற வரைக்கும் யாரும் தொடக் கூடாது." இது மூன்றாம் நாள். என் பாலுக்கும் வெண்ணெய்க்கும் மீன் வாடை ஏறிவிட்டது. நாய் பெட்டிக்கு முன்னாலேயே படுத்திருக்கிறது.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. தேவாலயத்தில் நீங்கள் தலையைக் குனிந்தே நின்றீர்கள். பெட்டிக்ரூவைப் பார்க்கக் கூடாது என்று சபதம். அதனால் ஒன்றைக் கவனித்திருக்க மாட்டீர்கள். பிள்ளையை யார் கொடுப்பது என்று நானும் ஹார்வியும் பேசிக்கொள்ளவே இல்லை. ஹார்விதான் அவனை என் கையிலிருந்து வாங்கி, உங்கள் கையில் வைத்தார். வைத்துவிட்டு அவன் தலைக்கு அடியில் உங்கள் முழங்கையைச் சரிசெய்தார். பிறகு ஒரு அடி பின்னால் போய் நின்றார். அவர் கையில் பச்சைச் சாயம் நகத்தடியில் இன்னும் போகவில்லை. உங்கள் மணிக்கட்டில் சிவப்பு. பின் வரிசையில் கான்ஸ்டபிள் இருமினார்.

போதகர், "இந்தப் பிள்ளைக்கு என்ன பெயர்?" என்று கேட்டார். பிள்ளையை வைத்திருப்பவர் சொல்ல வேண்டும். நீங்கள் வாயைத் திறந்தீர்கள். ஒன்றும் வரவில்லை. அறுபத்தெட்டு வருஷமாக உங்களுடையதாக இருக்கிற பெயர், அப்பா. அவ்வளவு பேரும் காத்திருந்தோம். எனக்கு "எல்மர்" என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயம். கடைசியில் ஹார்விதான் மெதுவாக, உங்களுக்கும் பக்கத்தில் நின்ற எனக்கும் மட்டும் கேட்கும்படி, "ஓர்வில்னு சொல்லுங்க மாமா" என்றார். நீங்கள் சொன்னீர்கள். உங்கள் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. அம்மா போன அன்றுகூட இல்லை.

அவர் எடுத்துக் கொடுத்ததை யாரிடமும் சொல்ல மாட்டார். என்னிடமும் சொல்லவில்லை, நானாகக் கேட்டதுதான். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். மீன் யாருடையது என்று எனக்குக் கவலையில்லை. அவர் முன்பு கொண்டுவந்த முதல் மீனை நீங்கள் வாங்கிக்கொள்ளவில்லை. இதையாவது வாங்கிக்கொள்ளுங்கள். கோபமாகவே வாருங்கள், பரவாயில்லை. சாலை வழியாக வந்து, அந்தத் துண்டைத் தின்றுவிட்டு, உப்பு போதவில்லை என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

என்றைக்கு வருகிறீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்கள் லோர்னா